ஷெர்லாக் ஹோம்ஸைச் சிம்மாக்குவோம்: பிடித்த கதாபாத்திரத்தை தி சிம்ஸ் 4-க்குள் கொண்டுவரும் வழி

தி சிம்ஸ் 4 வீடியோ விளையாட்டில் பிடித்த கதாபாத்திரத்தைச் சிம்மாக (ஆட்டத்துக்குள் வாழும் மனிதராக) செய்ய உட்காரும் பலரும் மூக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இழுப்பது, தள்ளுவது, திரும்ப இழுப்பது என்று இரண்டு மணி நேரம் போய்விடும். பிறகு வீட்டில் குடிவைத்து லைவ் மோடுக்கு, அதாவது சிம் நடமாடும் ஆட்டத்துக்கு, வந்தால் அங்கே நிற்பது யாரோ ஒரு ஆள். விளையாடும்போது நாம் சிம்மை மேலிருந்து, சற்றுத் தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் மூக்கு நுனி தெரியாது. உடலின் வெளிக்கோடு தெரியும், முடி தெரியும், உடையின் நிறமும் நடையும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் எதுவும் சொல்லாதபோது அவர் தானாக என்ன செய்கிறார் என்பது தெரியும். ஆளை அடையாளம் காட்டுவது இவைதான். முகத்தையும் நன்றாகச் செய்யத்தான் வேண்டும், ஆனால் முதலில் அல்ல.

இந்தக் குறிப்பு தி சிம்ஸ் 4-க்கானது. 2014 செப்டம்பரில் வந்த ஆட்டம், 2022 அக்டோபரிலிருந்து அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம். கீழே சொல்வதில் பெரும்பகுதிக்கு அது போதும். தனியாக வாங்க வேண்டிய கூடுதல் பேக் தேவைப்படும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறோம். எடுத்துக்காட்டுக்கு ஷெர்லாக் ஹோம்ஸை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் அவர் உருவம் தெளிவாக இருக்கிறது, பழக்கங்கள் ஏராளம், சிம்ஸ் எதைக் கொடுக்கும் எதைக் கொடுக்காது என்பதும் அவரை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும்.

முதலில் தாளில் எழுதுங்கள்

ஆட்டத்தைத் திறப்பதற்கு முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எந்த ஹோம்ஸ்? எழுத்தில் வரும் ஹோம்ஸா, ஓவியங்களில் இருப்பவரா, திரையில் பார்த்தவரா? மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தால் யாரைப் போலவும் இல்லாத ஒருவர்தான் கிடைப்பார். கதைகளில் அவர் நண்பர் வாட்சன் தரும் வர்ணனை இப்படி: ஆறடிக்கு மேல் உயரம், மிக ஒல்லி என்பதால் இன்னும் உயரமாகத் தெரிவார், ஊடுருவும் கண்கள், பருந்தின் அலகு போன்ற மெல்லிய மூக்கு, சதுரமாக முன்னே துருத்திய முகவாய், கைகளில் எப்போதும் மையும் ரசாயனக் கறையும். எல்லோர் மனதிலும் இருக்கும் அந்த இருபக்கக் காதுமூடித் தொப்பியை நிலைக்கச் செய்தவர் ஓவியர் சிட்னி பேஜட். எழுத்தில் அது பயணத்துக்கான தொப்பியாகத்தான் வருகிறது. இந்த ஒரு விவரம் தெரிந்தாலே அந்தத் தொப்பியை எந்த உடையோடு வைப்பது என்பது தெளிவாகிவிடும்.

தாளில் மூன்று பட்டியல் போடுங்கள். தூரத்திலிருந்து தெரிபவை மூன்றே மூன்று: ஹோம்ஸுக்கு ஒல்லியான நெட்டை உருவம், ஏறிய நெற்றியோடு பின்னால் வாரிய கருமுடி, நீண்ட கறுப்பு உடை. கிட்டப் போனால் தெரிபவை மூன்று: மூக்கு, முகவாய், கண். கடைசியாக, அவர் வழக்கமாகச் செய்பவை ஐந்து: வயலின் வாசிப்பது, நுண்ணோக்கியோடு உட்காருவது, அறையைக் குப்பையாகப் போடுவது, வேலை இல்லாவிட்டால் தவிப்பது, கூட்டத்தை ஒதுக்குவது. மூன்றாவது பட்டியலுக்கு நேரம் கொடுங்கள். குணங்களைத் தேர்வுசெய்யும்போது கைகொடுக்கப்போவது அதுதான்.

உயரம் கிடையாது, ஆனால் நெட்டையாகக் காட்டலாம்

சிம்ஸ் 4-இல் உயரத்துக்கான ஸ்லைடரே (இழுத்து அளவை மாற்றும் பட்டை) இல்லை. வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே உயரம்தான். உயரத்தை மாற்றும் மாடுகளை (ஆங்கிலத்தில் mods, ஆட்டத்தை மாற்றியமைக்கும் கோப்புகள்) ரசிகர்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் கட்டிப்பிடிப்பது, முத்தமிடுவது, கைகுலுக்குவது போன்ற அசைவுகள் ஒரே உயரத்தைக் கணக்கில் வைத்து அமைந்தவை. மாடு போட்டால் கை காற்றைப் பிடிக்கும், முகம் தோளில் புதையும். இரண்டு பேர் நெருங்கிப் பழகும் கதை என்றால் அந்த வழிக்குப் போகாமல் இருப்பது நல்லது.

கண்ணை ஏமாற்றி உயரம் காட்டலாம். எடை ஸ்லைடரைக் கிட்டத்தட்ட அடிவரை இறக்குங்கள், தசை ஸ்லைடரை நடுவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பிறகு உடலின் மீதே சுட்டியை வைத்துத் தோளைக் குறுக்குங்கள், கழுத்தை மெலிதாக்குங்கள், இடுப்பையும் தொடையையும் ஒடுக்குங்கள். மேலும் கீழும் ஒரே கருநிறத்தில் உடை, முழங்காலைத் தாண்டும் கோட்டு. இடுப்பில் பெல்ட்டோ வேறு நிறமோ வந்தால் உருவம் இரண்டாக வெட்டுப்பட்டு ஆள் குட்டையாகத் தெரிவார். பக்கத்தில் நிற்கும் வாட்சனைத் தோள் அகலமாக, கொஞ்சம் பருத்தவராக, வெளிர்நிற உடையில் செய்யுங்கள். இருவரும் சேர்ந்து நின்றால் ஹோம்ஸ் அரை அடி உயர்ந்ததுபோல இருக்கும்.

குண்டான ஆள், பலசாலி, குட்டை ஆள் என்று எதைச் செய்தாலும் வழி இதுவே: தனியாக ஒருவரைச் சரிசெய்வதைவிட, பக்கத்தில் இருப்பவரை எதிர்மாறாகச் செய்வது வேகமாகப் பலன் தரும்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். உடல் ஆட்டத்தில் மாறிக்கொண்டே இருக்கும். நிறையச் சாப்பிட்டால் எடை ஏறும், உடற்பயிற்சி செய்தால் தசை ஏறும். சில வாரம் விளையாடியபின் ஹோம்ஸுக்குத் தொப்பை வந்திருந்தால் அது ஆட்டத்தின் இயல்பே. திருத்துவது எப்படி என்று பின்னால் வருகிறது.

முகம்: பக்கவாட்டிலிருந்து தொடங்குங்கள்

முகத்தை நேராகப் பார்த்துச் செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. நேர்ப்பார்வையில் இழுத்தால் அகலமும் உயரமும்தான் மாறும். ஆழம், அதாவது எது எவ்வளவு முன்னால் துருத்துகிறது என்பது, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி இழுத்தால்தான் மாறும். ஹோம்ஸின் அடையாளமே பக்கவாட்டு முகம்தான். அதனால் இந்த வரிசையில் போங்கள்:

1. முதலில் தலை வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட, கன்னம் ஒட்டிய ப்ரீசெட்டாக (ஆட்டமே தரும் ஆயத்த வடிவம்) இருக்கட்டும். இதை முதலில் செய்யாமல் மற்றதைத் தொட்டால், பின்னால் தலையை மாற்றும்போது எல்லாமே குலையும்.

2. மூக்கின் மீது சொடுக்கினால் மூக்கு ப்ரீசெட்கள் வரும். இழுக்கத் தொடங்கும் முன் உங்களுக்கு வேண்டியதற்கு மிக அருகில் இருப்பதை எடுங்கள். இழுப்பதற்கு ஒரு எல்லை உண்டு, அந்த எல்லை ப்ரீசெட்டிலிருந்து கணக்காகிறது. சப்பை மூக்கிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் பருந்து மூக்கு வராது. வளைந்த ப்ரீசெட்டிலிருந்து தொடங்கினால் இரண்டு இழுப்பில் வந்துவிடும். “இதற்கு மேல் நகரவில்லை” என்று எங்கே நின்றாலும் ப்ரீசெட்டை மாற்றிப் பாருங்கள்.

3. முகத்தைப் பக்கவாட்டில் திருப்புங்கள். மூக்குத் தண்டை முன்னே இழுங்கள், நுனியைச் சற்றுக் கீழே இறக்குங்கள். முகவாயை முன்னே தள்ளுங்கள். நெற்றி, மூக்கு, முகவாய் மூன்றின் கோடும் சரியாக வரும்வரை நேர்ப்பார்வைக்குத் திரும்ப வேண்டாம்.

4. இப்போது நேராகத் திருப்பி மூக்கை ஒடுக்குங்கள், தாடையைச் சதுரமாக்குங்கள், கண்களைச் சற்று உள்ளே தள்ளி இமையைத் தாழ்த்துங்கள்.

5. கடைசியாக நுணுக்கத் திருத்த முறைக்குப் போங்கள். மூக்குத் துவாரம், இமை மடிப்பு, உதட்டோரம் போன்ற சின்னப் பகுதிகள் தனித்தனியாக அசைவது அங்கேதான். பெரிய வடிவம் சரியாகாமல் இங்கே வருவது நேர விரயம்.

ஒவ்வொரு படி முடிந்ததும் கேமராவை முழு உடல் தெரியும் தூரத்துக்குக் கொண்டுபோய் ஒரு முறை பாருங்கள். கிட்டப் பார்த்து அழகாக இருந்த மாற்றம் தூரத்தில் தெரியவே இல்லையென்றால், அதை இன்னும் மிகைப்படுத்துங்கள். சிம்ஸின் ஓவியப் பாணியே கொஞ்சம் கார்ட்டூன் சாயல் கொண்டது. நிஜ மனித அளவில் வைத்த பருந்து மூக்கு அங்கே சாதாரண மூக்காகத்தான் தெரியும். கூச்சப்படாமல் கூடுதலாக இழுங்கள். அதற்காக எல்லா உறுப்பையும் மிகைப்படுத்தினால் ஒன்றும் தனித்து நிற்காது. பட்டியலில் எழுதிய மூன்றை மட்டும் மிகையாக்கி, மற்றதை அடக்கமாக விடுங்கள்.

புருவத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. முகத்தின் நிரந்தர பாவனையே அதில்தான் இருக்கிறது. ஹோம்ஸுக்கு அடர்த்தியாக, நேராக, கண்ணுக்கு நெருக்கமாக வையுங்கள். வில் போல ஏறிய புருவம் வைத்தால் அதே முகம் எதற்கெடுத்தாலும் வியந்துகொண்டே இருக்கும்.

குழந்தைப் பருவக் கதாபாத்திரம் வேண்டுமென்றால் முதலில் இளைஞராகச் செய்து முடித்துவிட்டு வயதை இறக்குவது எளிது. உடை மாறிவிடும், முகம் உருண்டையாகும், ஆனால் சாயல் நிற்கும். ஒரே குடும்பத்தாராக இருந்தால் ஒவ்வொருவரையும் தனியாகச் செதுக்க வேண்டாம். ஏற்கெனவே செய்தவரின் மரபணுவிலிருந்து உறவினரை உருவாக்கும் வசதி இருக்கிறது. சகோதரர் மைக்ராஃப்டை அப்படி எடுத்து, எடையை ஏற்றினால் போதும்.

நிறமும் முடியும்

2020 டிசம்பரில் வந்த அப்டேட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தோல் நிறங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் வெளிர்வு, அடர்வைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரும் வந்தது. பச்சை, நீலம் போன்ற மனித இயல்புக்கு அப்பாற்பட்ட நிறங்களும் உண்டு என்பதால் கார்ட்டூன் பாத்திரங்களுக்கும் வழி இருக்கிறது. ஒப்பனைக்கும் நிறம், அடர்த்தி ஸ்லைடர்கள் இருக்கின்றன. கண்ணுக்குக் கீழே மெல்லிய சாம்பல் நிழலை மிகக் குறைந்த அடர்த்தியில் வைத்தால் இரவெல்லாம் விழித்திருக்கும் ஹோம்ஸின் களைப்பு வந்துவிடும்.

உடைக்கும் முடிக்கும் நிறச்சக்கரம் கிடையாது. 2009-இல் வந்த சிம்ஸ் 3-இல் எந்தத் துணிக்கும் எந்த நிறமும் வடிவமும் கொடுக்கலாம். 4-இல் கொடுத்திருக்கும் நிறக் கட்டங்களுக்குள்தான் தேர்வு. அதனால் சரியான வடிவமும் தவறான நிறமும் கொண்ட உடை, ஓரளவு சரியான வடிவமும் சரியான நிறமும் கொண்ட உடை, இரண்டில் ஒன்று என்றால் இரண்டாவதை எடுங்கள். தூரத்திலிருந்து நிறம்தான் ஆளைச் சொல்லும்.

சிம்மை உருவாக்கும் க்ரியேட் எ சிம் திரையின் வெளிச்சம் லைவ் மோடு வெளிச்சத்தைப் போன்றதல்ல. அங்கே கருநீலமாகத் தெரிந்தது வீட்டுக்குள் கறுப்பாகிவிடும். முழுதாக முடிக்கும் முன் ஒரு முறை காலி மனையில் இறக்கி, பகலிலும் இரவிலும் பார்த்துவிடுங்கள்.

உடைப் பட்டியலில் தேடியது கிடைக்காவிட்டால் முதலில் வடிகட்டியைப் பாருங்கள். ஆண், பெண் உடல்வாகுக்கு ஏற்றவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி தானாகப் போடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் இரண்டு பக்கத்து உடைகளும் வரும். நீண்ட அங்கி, மேலாடை, அகலத் தொப்பி தேடும்போது இது மிகவும் உதவும்.

எட்டு வகை உடையையும் போடுங்கள்

அன்றாடம், விசேஷம், உடற்பயிற்சி, தூக்கம், விருந்து, நீச்சல், வெயில், குளிர் என்று எட்டு வகை. ஒவ்வொன்றிலும் ஐந்து உடைவரை வைக்கலாம். அன்றாட உடையை மட்டும் அழகாகப் போட்டுவிட்டு வெளியே வருபவர்கள்தான் அதிகம். மற்ற ஏழையும் ஆட்டம் கைக்கு வந்தபடி நிரப்பியிருக்கும். முதல் இரவிலேயே ஹோம்ஸ் பூப்போட்ட கால்சட்டையில் படுக்கப் போவார்.

அன்றாட உடை கறுப்புக் கோட்டு. தூக்க உடைக்குச் சாம்பல் நிற நீள அங்கி. கதைகளிலும் அவர் வீட்டில் அப்படித்தான் கிடப்பார். அன்றாட வகையின் இரண்டாவது இடத்திலும் அதே அங்கியை வையுங்கள், பகலில் வீட்டில் இருக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். காதுமூடித் தொப்பி குளிர் வகைக்கு மட்டும். எப்போதாவது தலையில் ஏறினால்தான் அதற்கு மதிப்பு.

வேலைக்குக் கிளம்பும்போது சிம் அந்த வேலையின் சீருடைக்கு மாறிவிடுவார். நீங்கள் போட்ட உடை அழிந்துவிடவில்லை, திரும்பி வந்ததும் வரும்.

குணங்கள்: பெயரைப் பார்க்காதீர்கள், விளைவைப் பாருங்கள்

வளர்ந்த சிம்முக்கு மூன்று ட்ரெய்ட் (குணம்), டீன் ஏஜுக்கு இரண்டு, குழந்தைக்கு ஒன்று. ஆஸ்பிரேஷன் (வாழ்நாள் லட்சியம்) தேர்ந்தெடுத்தால் அதோடு கூடுதலாக ஒன்று வரும். மூன்றே இடத்தில் ஒரு பாத்திரத்தை அடக்க வேண்டும் என்பதால் “இவர் எப்படிப்பட்டவர்” என்று கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். “இவரை ஒரு அறையில் தனியாக விட்டால் என்ன செய்வார், எதனால் இவர் மனநிலை மாறும்” என்று கேளுங்கள். ட்ரெய்ட் செய்யும் வேலை அதுதான்: மனநிலையை ஒரு பக்கம் சாய்க்கும், தானாகச் செய்யும் செயல்களைத் தூண்டும்.

ஹோம்ஸுக்கு ஜீனியஸ் நிச்சயம். அறிவாளி என்ற பட்டத்துக்காக இல்லை. ஜீனியஸ் சிம் அடிக்கடி கவனம் குவிந்த ஃபோகஸ்ட் மனநிலைக்குப் போவார். மூளைக்கு வேலை தரும் திறன் எதையும் சில காலம் வளர்க்காமல் விட்டால் மனம் சுணங்கிப்போவார். வழக்கு இல்லாமல் தவிக்கும் ஹோம்ஸ் இதைவிடச் சரியாக எங்கே கிடைப்பார்!

இரண்டாவது ஸ்லாப் (ஒழுங்கில்லாதவர்). இங்கே பலர் நீட் (சுத்தம் பார்ப்பவர்) எடுப்பார்கள், ஏனென்றால் ஹோம்ஸ் உடையில் சுத்தமானவர், சிந்தனையில் ஒழுங்கானவர். ஆனால் வாட்சன் சொல்லும் ஹோம்ஸ் வீட்டில் படு ஒழுங்கீனம்: பதில் எழுதாத கடிதங்களைக் கணப்பு மேடையில் கத்தியால் குத்தி வைப்பார், புகையிலையைச் செருப்பின் முனையில் திணித்து வைப்பார். உடைச் சுத்தத்தை உடையாலேயே காட்டிவிட்டோம். ட்ரெய்ட் இடத்தை அதற்குச் செலவழிக்க வேண்டாம். ஸ்லாப் சிம்முக்குக் குப்பை உறைக்காது, சுற்றியிருப்பதும் வேகமாக அழுக்காகும். அந்த அறை தானாகவே ஹோம்ஸின் அறையாகிவிடும்.

மூன்றாவது லோனர். அந்நியர் நடுவே பதற்றம், தனியே இருந்தால் நிம்மதி. இதை எடுத்தால் அவுட்கோயிங் (எல்லோரிடமும் பழகுபவர்) எடுக்க முடியாது, நீட்டும் ஸ்லாப்பும் சேராது; இப்படி எதிரெதிரானவற்றை ஆட்டமே தடுத்துவிடும்.

வயலினுக்கு மியூசிக் லவ்வர் தேவையில்லையா என்று கேட்கலாம். அந்த ட்ரெய்ட் அவரை ஸ்டீரியோ பக்கம் இழுக்கும். வயலினை விருப்பு வெறுப்புப் பட்டியலில் சேருங்கள். 2021-இல் வந்த இந்த வசதியில் நிறம், இசை, செயல் எல்லாவற்றுக்கும் விருப்பம், வெறுப்பு குறிக்கலாம். வயலினும் லாஜிக்கும் விருப்பம். நடனமும் நகைச்சுவையும் வெறுப்பு. ட்ரெய்ட் மூன்றுதான் என்ற குறையை ஈடுகட்டுவது இந்தப் பட்டியல்தான், அலட்சியமாகத் தாண்டிவிடாதீர்கள்.

ஆஸ்பிரேஷன் அறிவுப் பிரிவிலிருந்து எடுங்கள். ரெனசான்ஸ் சிம், நெர்ட் பிரெய்ன் இரண்டில் ஒன்று. எதை எடுத்தாலும் கூடுதல் ட்ரெய்ட் க்விக் லேர்னர்தான், திறன்கள் வேகமாக ஏறும்.

வில்லன்களைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா வில்லனுக்கும் ஈவில் பொருந்தாது. ஈவில் சிம் அடுத்தவர் துன்பத்தில் வெளிப்படையாக மகிழ்வார், கெக்கெக்கே என்று சிரிப்பார். ஹோம்ஸின் பரம எதிரி மொரியார்டி போல அமைதியாக, கண்ணியமாக, பின்னாலிருந்து வலை பின்னும் ஆளுக்கு அது கோமாளி வேடமாகிவிடும். அவருக்கு ஜீனியஸ், ஆம்பிஷியஸ், செல்ஃப் அஷ்யூர்ட் கொடுத்து, தீய எண்ணத்தை ஆஸ்பிரேஷனிலும் குற்றத்துறை வேலையிலும் வையுங்கள்.

வாட்சனுக்கு குட் ட்ரெய்டும் பெஸ்ட்செல்லிங் ஆத்தர் ஆஸ்பிரேஷனும். ஹோம்ஸ் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் திருமதி ஹட்சனுக்கு நீட். ஸ்லாப்பும் நீட்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் நாம் ஒன்றுமே செய்ய வேண்டாம். ஹோம்ஸ் அழுக்காக்க ஹட்சன் துடைத்துக்கொண்டே இருப்பார்.

குரல், நடை, திறன்

குரல் வகையைத் தேர்ந்தெடுத்து அதன் சுருதியை ஏற்றி இறக்கலாம். ஒல்லியான ஆள் என்பதற்காகச் சுருதியை ஏற்றிவிடாதீர்கள். நடுவுக்குச் சற்று மேலே போதும். நடையில் ஸ்நூட்டி ஹோம்ஸுக்குப் பொருந்தும்: தலை நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் போகும் நடை.

திறனை விட்டுவிட்டால் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. புதிய சிம்முக்கு எந்தத் திறனும் இருக்காது. வயலினைக் கையில் எடுத்த முதல் நாள் ஹோம்ஸ் கிறீச்சிடுவார். நடுவயதில் வரும் எல்லாப் பாத்திரங்களுக்கும் இது பொருந்தும்: மருத்துவர், வாள்வீரர், சமையல்காரர் என்று பெயர் வாங்கியவர் முதல் நிலையில் தடுமாறினால் நம்பிக்கை போய்விடும். சீட் (குறுக்குவழிக் கட்டளை) அடிக்கும் பெட்டியைத் திறந்து திறனை உயர்த்துங்கள். கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெட்டி வரும். கன்சோலில் நான்கு தோள்பட்டன்களையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். முதலில் ‘டெஸ்டிங்சீட்ஸ் ட்ரூ’, பிறகு ‘ஸ்டேட்ஸ்.செட்_ஸ்கில்_லெவல் மேஜர்_வயலின் 7’. ஆங்கில எழுத்தில், புள்ளியும் அடிக்கோடும் இதே இடத்தில் வரும்படி அடியுங்கள். உச்சம் 10. எல்லாவற்றையும் பத்துக்கு ஏற்றினால் ஆடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஹோம்ஸுக்கு வயலின் 7, லாஜிக் 8 வைத்தால் இன்னும் வளர இடம் இருக்கும். கன்சோலில் சீட் போட்டால் அந்த சேவில் (சேமித்த ஆட்டத்தில்) டிராஃபி கிடைக்காது, அதை யோசித்து முடிவெடுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, துப்பறியும் வேலை 2015-இல் வந்த கெட் டு வொர்க் பேக்கில்தான் உண்டு. வாட்சனுக்கான மருத்துவர் வேலையும் அதில்தான். பேக் இல்லாதவர்கள் அடிப்படை ஆட்டத்தின் சீக்ரெட் ஏஜென்ட் வேலையை எடுக்கலாம். இன்னொரு வழி, வேலையே இல்லாமல் விடுவது. ஹோம்ஸ் யாரிடமும் சம்பளத்துக்கு இருந்தவர் இல்லையே.

உறவுகளை முதல் நாளே குறியுங்கள்

ஒரு குடும்பத்தில் எட்டுப் பேர்வரை. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொருவரையும், நீங்கள் மாற்றாவிட்டால், ஆட்டம் வெறும் அறைத்தோழராகவே எடுத்துக்கொள்ளும். அண்ணன் தம்பி, அப்பா மகள் என்று குறிக்காமல் விட்டால் அவர்களுக்குள் காதல் பேச்சு முளைப்பதை ஆட்டம் தடுக்காது. முகம், உடை எல்லாம் முடிந்த மகிழ்ச்சியில் இதை மறப்பவர்கள் ஏராளம்.

வெவ்வேறு வீடுகளில் இருக்க வேண்டிய உறவினர்களை முதலில் ஒரே குடும்பமாகச் செய்யுங்கள். உறவுகளைக் குறித்து, குடிவைத்து, பிறகு குடும்ப மேலாண்மைத் திரையில் பிரித்து அனுப்புங்கள். மைக்ராஃப்ட் தனி வீட்டுக்குப் போனாலும் சகோதர உறவு கூடவே போகும். தனித்தனிக் குடும்பங்களாகச் செய்துவிட்டால் பிறகு அந்த உறவைச் சேர்ப்பது பெரும்பாடு.

அறை

குடும்பம் தொடங்கும்போது ஒரு சிம்முக்கு 20,000 சிமோலியன் (ஆட்டத்துப் பணம்) இருக்கும், கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் 2,000. மூன்று பேருக்கு 24,000. ஒரு மாடி வீட்டுக்கு இது காணாது. சீட் பெட்டியில் ‘மதர்லோட்’ என்று அடித்தால் ஒவ்வொரு முறையும் 50,000 கிடைக்கும்.

வீடு முழுவதையும் செய்ய வேண்டாம். பாத்திரத்தோடு சேர்த்து நினைவில் வரும் ஓர் அறை போதும். ஹோம்ஸுக்கு முதல் மாடி வரவேற்பறை: கணப்பு, எதிரெதிரே இரண்டு நாற்காலி, புத்தக அலமாரி, வயலின், சதுரங்க மேசை, ஓரத்தில் நுண்ணோக்கி. கடைசி மூன்றும் அடிப்படை ஆட்டத்திலேயே இருப்பவை. முக்கியமாக, சிம் தானாகப் போய்ப் பயன்படுத்துபவை. அறையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் செய்வார். அலங்காரம் நிறைய வைத்துவிட்டுச் செய்ய ஒன்றுமில்லாமல் விட்டால் எந்தக் கதாபாத்திரமும் தொலைக்காட்சி முன்தான் உட்கார்ந்திருக்கும். ஹோம்ஸ் வீட்டில் தொலைக்காட்சியே வைக்காதீர்கள்.

கணப்பு மேடையில் கடிதக் கட்டு, செருப்பு போன்ற சிறு பொருள்களை வைக்க ‘பிபி.மூவ்ஆப்ஜெக்ட்ஸ் ஆன்’ என்ற சீட் உதவும். ஆல்ட் விசையைப் பிடித்தபடி நகர்த்தினால் கட்டத்துக்குள் அடங்காமல் எங்கும் வைக்கலாம். 9 உயர்த்தும், 0 தாழ்த்தும். சிம் பயன்படுத்தும் பொருளின் முன்னால் இப்படி எதையாவது நெருக்கி வைத்தால் வழி மறிக்கிறது என்று அவர் கையசைத்து நிற்பார். அலங்காரத்தை மேடையிலும் சுவரிலும் வையுங்கள், தரையைக் காலியாக விடுங்கள்.

2023 டிசம்பரில் வந்த ஃபார் ரென்ட் பேக் இருந்தால் திருமதி ஹட்சனை வீட்டு உரிமையாளராக்கி, அதே மனையில் தனிப் பகுதியில் வைக்கலாம். மற்றவர்களுக்கு ஒரே குடும்பம், தனிப் படுக்கையறை.

மனிதரல்லாதவர்கள்

ரத்தக்காட்டேரி, மந்திரவாதி, கடல்கன்னி, வேற்றுக்கிரகவாசி, ஓநாய்மனிதர் எல்லாமே தனித்தனிப் பேக்குகள். இவர்களில் பலருக்கு இரண்டு உருவம் உண்டு. ஒன்றை மட்டும் செதுக்கிவிட்டு மற்றதை மறந்தால், கோபம் வந்து உருமாறும் நேரத்தில் வேறொரு ஆள் வந்து நிற்பார். க்ரியேட் எ சிம் திரையிலேயே அடுத்த உருவத்துக்கு மாறும் பொத்தான் இருக்கிறது. அங்கேயும் முடி, உடை, கண் நிறம் பாருங்கள்.

சிசி சேர்ப்பவர்களுக்கு

சிசி (கஸ்டம் கன்டென்ட்) என்று சொல்லப்படும், ரசிகர்கள் செய்த உடைகளும் முடிகளும் பேக்கேஜ் கோப்புகளாக வரும். டாக்குமென்ட்ஸ், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், தி சிம்ஸ் 4 என்ற வரிசையில் உள்ளே இருக்கும் மாட்ஸ் கோப்புறையில் போட வேண்டும். உள்கோப்புறைகள் இருக்கலாம், ஆனால் ஸ்கிரிப்ட் கோப்புகள் (ஆட்டம் இயங்கும் விதத்தை மாற்றுபவை) ஒரு படிக்கு மேல் உள்ளே போனால் ஆட்டம் படிக்காது. ஜிப்பை அவிழ்க்காமல் போட்டால் எதுவும் வராது. நிறமாற்றக் கோப்பை மட்டும் போட்டு அதற்கான மூல மெஷ்ஷை (உடையின் வடிவக் கோப்பு) விட்டுவிட்டால் உடை சரியாக வராது. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மாடுகள் தானாக அணைந்திருக்கும். ஹோம்ஸ் திடீரென்று மொட்டைத்தலையோடு நின்றால் பதற வேண்டாம், சேவ் செய்யாமல் வெளியே வந்து அமைப்புகளில் மாடுகளை மறுபடி இயக்குங்கள். அப்படியே சேவ் செய்துவிட்டால் முடியையும் உடையையும் திரும்பப் போட வேண்டிவரும்.

கோளாறு எதனால் என்று தெரியாவிட்டால், பாதிக் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு போனால் அது வெளியே எடுத்த பாதியில் இருக்கிறது; அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நூறு கோப்பு இருந்தாலும் ஏழு சுற்றில் குற்றவாளி சிக்கிவிடும்.

கெடாமல் காப்பது

குடிவைத்தவுடன் அமைப்புகளில் வயது ஏறுவதை நிறுத்துங்கள். அடுத்து, குடும்ப மேலாண்மைத் திரையில் நெய்பர்ஹுட் ஸ்டோரீஸ் அமைப்பைப் பாருங்கள். நீங்கள் வேறு குடும்பத்தை ஆடும்போது இவர்கள் வேலை மாறலாமா, வீடு மாறலாமா, குழந்தை பெறலாமா என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. தேவையற்றதை அணையுங்கள். இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து வந்து பார்க்கும்போது வாட்சன் வேறு ஊரில் இருப்பார்.

முடித்த குடும்பத்தை மை லைப்ரரியில் சேமியுங்கள். டிரே கோப்புறையையும் சேவ்ஸ் கோப்புறையையும் தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள். ஆடுபவர்கள் படைப்புகளைப் பகிரும் கேலரியில் போட்டால் சிசி கோப்புகள் கூடவே போகாது, எவையெவை என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும். கேலரியில் தேடுபவர், சிசி உள்ள படைப்புகளைக் காட்டும் வடிகட்டியை இயக்காவிட்டால் உங்கள் ஹோம்ஸ் கண்ணிலேயே படமாட்டார். பேக் இல்லாதவர் இறக்கினால் அந்தப் பேக்கின் உடைக்குப் பதில் வேறு ஏதாவது வரும். எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் அடிப்படை ஆட்டப் பொருள்களை மட்டும் கொண்டு இன்னொரு பிரதி செய்து போடுங்கள்.

கடைசியாகச் சோதனை. முழுத் தன்னிச்சையை இயக்கிவிட்டு, ஒரு சிம் நாள் முழுக்கச் சிம்மைத் தொடாமல் பாருங்கள். எந்த மணிக்கு என்ன செய்தார் என்று குறியுங்கள். முதலில் எழுதிய ஐந்து பழக்கங்களில் மூன்று வந்திருந்தால் ஆள் தேறிவிட்டார். வராவிட்டால் முகத்தைத் தொடாதீர்கள். சீட் பெட்டியில் ‘காஸ்.ஃபுல்எடிட்மோட்’ என்று அடித்து, ஷிஃப்ட்டைப் பிடித்தபடி சிம்மைச் சொடுக்கி ‘மாடிஃபை இன் காஸ்’ எடுங்கள் (காஸ் என்பது க்ரியேட் எ சிம்மின் சுருக்கம்). ஒரே ஒரு ட்ரெய்டை மட்டும் மாற்றி இன்னொரு நாள் ஓட்டுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சாப்பிட்டுப் போட்ட தொப்பையையும் அதே திரையில் குறைத்துவிடலாம்.